எட்டு போல்ட்டிலும் சிவப்பு

கிருஷ்ணப்பனுக்கு வாய் கொஞ்சம் அதிகம். கியர் பாக்ஸ் வேலையில் அந்த வாய்க்கு ஏற்ற கையும் இருந்ததால் திருவொற்றியூரில் யாரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை. தேரடிக்குப் பின்சந்தில் கடை. கைப்பலத்தை நம்பி போல்ட்டு முறுக்குகிறவனை அவர் மெக்கானிக் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். கடைசியில் முறுக்கின் அளவு வைத்த டார்க் ரெஞ்சைப் போட்டு, அது ‘டக்’கென்று சொல்லும்வரை இழுக்க வேண்டும். சொல்லிவிட்டதா, அந்த போல்ட்டின் தலையில் சிவப்பு நகப்பாலிஷ் ஒரு பொட்டு. பொட்டு இருந்தால் முடிந்தது, இல்லாவிட்டால் முடியவில்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கடையில் இதுதான் சட்டம்.

மளிகை மொத்தக்கடை சண்முகவேல் காரைக் கொண்டுவந்து விட்டபோது அவரையும் நிற்க வைத்துப் பாடம் எடுத்தார். உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரத்தை எட்டே எட்டு போல்ட்டுதான் பிடித்திருக்கிறது. ஒன்று கழன்று விழுந்தாலும் பெட்டி உடையும். ஓடுகிற வேகத்தில் முன்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொள்ளும். அப்புறம் வண்டி யார் பேச்சையும் கேட்காது. சண்முகவேல் முகம் வெளுத்துவிட்டது. விஜயதசமியன்று விடியற்காலையில் மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு சொந்த ஊர் சங்கரன்கோவிலுக்குக் கிளம்ப வேண்டிய மனுஷர் அவர்.

அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. காலையில் நான்கு போல்ட்டு முடிந்திருந்தபோது, பூசணிக்காய் உடைக்க நல்ல நேரம் போகிறது என்று வெளியிலிருந்து கூப்பிட்டார்கள். போனார், உடைத்தார், சந்து முழுக்கப் பொரி கொடுத்தார், நாலு பேரிடம் நின்று பேசினார். திரும்பி வந்து பார்த்தால் எட்டிலும் சிவப்பு. முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறோம் என்று நினைத்துப் பெட்டியை மூடினார். பொழுது சாய்வதற்குள் வண்டியை ஓட்டிப் பார்த்து ஒப்படைத்தும் விட்டார்.

மறுநாள் பத்தரை மணிக்கு அவர் மனைவி கெங்கம்மா போனை நீட்டினாள். பூஜைப் படங்களாம். அதில் ஒன்றில் அவள் குனிந்து, கட்டைவிரலால் பல்சக்கரத்துப் போல்ட்டுக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் பட்ட குங்குமம் பாலிஷ் மாதிரியே மின்னியது. அப்படியானால் அந்த நாலு போல்ட்டும் முறுக்கவே இல்லை.

“உன் கை இன்னாத்துக்கு அங்க போச்சு?”

“வருசா வருசம் வெக்கிறதுதான? நீ முடிச்சிட்டுப் போய்ட்டனு நெனச்சேன்.”

அவளைச் சொல்லி என்ன பண்ண? நானும்தான் அப்படி நினைத்தேன் என்று அவருக்கே தெரிந்தது. உடனே சண்முகவேலுக்குப் போன் போட்டார். ஒரே அழைப்பில் எடுத்தார், விழுப்புரம் தாண்டியாயிற்றாம். பின்னால் பிள்ளைகள் பாட்டுப் பாடுவது கேட்டது. அப்போதாவது உள்ளதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம் இந்த மனுஷன். ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த வாய், தன் தப்பைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொண்டது. கியர் ஆயில் கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது, வழியில் எங்கேயாவது காட்டிவிட்டுப் போங்கள் என்றார். சண்முகவேல் சிரித்தார். விஜயதசமியும் அதுவுமாக எவன் கடையைத் திறந்து வைத்திருப்பான், வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது, நீங்கள் வீணாகக் கவலைப்படாதீர்கள் என்று வைத்துவிட்டார்.

“ஏன்யா, உண்மைய சொல்லேன்யா,” என்றாள் கெங்கம்மா. அவர் அவள் மேல் எரிந்து விழுந்தார். கால் மணி நேரம் கழித்து, மானம் போனால் போகட்டும் என்று திரும்பப் போட்டபோது போன் அணைந்திருந்தது. சண்முகவேலின் மனைவி நம்பர் அவரிடம் இல்லை. மளிகைக் கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடைக்காரருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பஸ் பிடித்துத் துரத்துகிற தூரமா அது? திண்டிவனத்துக்கே போய்ச் சேர மதியமாகிவிடும். நாற்பது தடவை போட்டிருப்பார். சோறு இறங்கவில்லை. எண்ணூர் சாலையில் ஏதோ ஒரு லாரி பிரேக் பிடித்தாலும் அவருக்கு உடம்பு தூக்கிப் போட்டது. முருகா, ஊர் போய்ச் சேரும்வரைக்கும் பிடித்துக்கொள் என்று, பூஜைக்கு வைத்த படத்தின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

ஆறு மணிக்குச் சண்முகவேலே கூப்பிட்டார். சார்ஜ் தீர்ந்துவிட்டதாம், நல்லபடியாக வீடு வந்து சேர்ந்துவிட்டார்களாம், வண்டி அருமையாம். கிருஷ்ணப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. இனிமேல் எதையும் மறைக்கிறதாக இல்லை.

“அண்ணாச்சி, மொதல்ல நான் சொல்றத கேளுங்க. எட்டுல நாலு போல்ட்டு நான் சரியா முறுக்கல. தப்பு என்னுது. வண்டிய இனிமே தொடாதீங்க. நான் ராத்திரி பஸ்லயே வரேன்.”

 சண்முகவேல், காலையில் சிரித்த அதே ஆள், வேறு யாரோ மாதிரிப் பேசினார்.

“பிள்ளையளக் கூட்டிக்கிட்டு எம் மச்சினன் சுப்புராஜு அந்த வண்டியிலதான இப்பக் குத்தாலத்துக்குக் கெளம்புனான்.”

மச்சினனுக்குப் போன் போடச் சொன்னார் கிருஷ்ணப்பன். சண்முகவேல் மனைவியைக் கூப்பிட்டு, சுப்புராஜுக்கு உடனே போடு என்று கத்துவது கேட்டது. கிருஷ்ணப்பன் காதிலிருந்து போனை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டுக்குள்ளேயே, பக்கத்து அறையில், ஒரு போன் அடிக்க ஆரம்பித்தது.