முள்ளில் காய்த்த பருத்தி

இதில் ஒரு சொல் பொய்யென்றால் சொல்கிற நாக்கு அழுகிப் போகட்டும். அத்தனையும் அப்படியே நடந்தது.

நெட்டையன் செய்த ஒரே குற்றம், வெடித்த பருத்தியைக் காலத்தில் எடுத்துவிட்டது. மேகம் திரண்டிருந்தது. நனைந்தால் பஞ்சு கறுத்துவிடும் என்று அவனும் பெண்டாட்டியும் இடுப்பொடிய எடுத்து, சாக்கில் திணித்து, படுக்க இடமில்லாமல் வீட்டுக்குள் அடுக்கினார்கள். கடைசிச் சாக்கைத் தைக்கும்போது ஒலிபெருக்கி கட்டிய வண்டி வந்தது. பருத்தி விவசாயிகளுக்கு அரசாங்க மானியம். நாளைக்கு அதிகாரி வருவார். செடியில் நிற்கிற பஞ்சுக்கு மட்டுமே கணக்கு.

நெட்டையன் வண்டிக்குப் பின்னால் ஓடினான். "அப்ப எடுத்து வச்சது?"

"எடுத்தது முடிஞ்ச கதைய்யா. நிக்கிறதுக்குத்தான் பணம்," என்றது ஒலிபெருக்கி.

மானியம் வந்தால்தான் அடுத்த விதைப்பு. வராவிட்டால் நிலத்தை மச்சானுக்கு, அதாவது பெண்டாட்டியின் அண்ணனுக்கு, எழுதிக் கொடுக்க வேண்டியதுதான். வரப்புக்கு அந்தப் பக்கம் மச்சான் நிலம். அதில் விளைந்தது முள் மட்டும். அதையும் அவர் விதைக்கவில்லை.

மறுநாள் காலையில் பெண்டாட்டி மாவுப் பசை காய்ச்சினாள்.

"என்னங்க, பெத்த புள்ளைய மறுபடி வயித்துக்குள்ள திணிக்கிற மாதிரி இருக்கு."

"பேசாம ஒட்டுடி."

செடியில் நின்ற காலிக் காய் ஓடு ஒவ்வொன்றிலும் அதே பருத்தியைப் பசை தொட்டு ஒட்டினார்கள். அந்தப் பக்கம் மச்சான் தன் வீட்டுத் தலையணைகளைக் கிழித்து உதறிக்கொண்டிருந்தார். பஞ்சை முள்ளில் மாட்டும் மீதி வேலையைக் காற்று கூலியில்லாமல் செய்தது.

அதிகாரி வந்தார். முள்காட்டு ஓரத்தில் ஜீப்பை நிறுத்தி, இறங்காமலே கையை நீட்டி ஒரு கொத்துப் பறித்தார். அது இலவம்பஞ்சு, தலைகீழாக நின்றாலும் நூலாகத் திரியாது. அவர் அதைக் கன்னத்தில் தேய்த்தார், மூக்கில் வைத்து இழுத்தார்.

"ஒரு கொட்டைகூட இல்லையே! புது ரகமா?"

"எங்க தாத்தா தலைக்கு வச்சிருந்த ரகமுங்க," என்றார் மச்சான்.

"அதான் இந்த வாசனை. ஒசத்தி!"

அவர் இறங்கியது நெட்டையன் காட்டில்தான். ஒரு பஞ்சை இழுத்தார். பசை விரலில் ஒட்டி, உதறினாலும் போகவில்லை.

"ஏய்யா, ஒட்ட வச்சு அரசாங்கத்தையே ஏமாத்தறியா?"

"ஐயா, இதே செடியில காச்சதுங்க. நேத்துத்தான் எடுத்தோம்."

"இதே செடியில காச்சதுன்னா எதுக்குய்யா பசை?"

நெட்டையன் வாயைத் திறந்தான். உண்மைதான் தொண்டை வரை வந்தது. அதுவே பொய் மாதிரி நாறியது. மூடிக்கொண்டான்.

மச்சான் வரப்பில் நின்று பல் குத்தினார். "மாப்பிள, முள்ளுன்னா பசையில்லாமலே புடிச்சுக்கும். ஒங்க செடிக்கு அந்தச் சாமர்த்தியம் பத்தல. பத்திர ஆபீசுக்கு எப்ப போலாம்?"

ஜீப் கிளம்பிய வேகத்தில் முள்காட்டுப் பஞ்சு மொத்தமும் எழுந்து வரப்பைத் தாண்டி வந்தது. குடத்துத் தண்ணீரில் மிதந்தது, சோற்றில் படிந்தது, நெட்டையன் வாய்க்குள் புகுந்தது. செத்துப்போன கிழவரின் தலை எண்ணெய்ச் சிக்கு நாக்கில் ஏற, அவன் துப்பினான். துப்பத் துப்ப வந்தது. பெண்டாட்டி ஒட்டியதை ஒவ்வொன்றாகப் பிய்த்து மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். முதல் தூறல் விழுந்தது.

உண்மையில் அந்த வருஷம் அந்த ஊர்ப் பக்கம் எந்த அதிகாரியும் வரவில்லை, சொன்ன நாக்கும் அழுகவில்லை. மானியம் மட்டும் மச்சானுக்கு வந்தது.