கதவு வைத்த கிற்றார்

வட்டக்கச்சியில் பாதி வீடுகளுக்குக் கதவு செய்தவர் வீரபாகு. ‘கதவு வீரபாகு’ என்ற பட்டத்தை எப்படியாவது மாற்ற வேண்டும் என்றுதான் எனக்குக் கிற்றார் செய்ய ஒப்புக்கொண்டார். பலாப்பலகையில் அருமையான வேலை. ஆனால் நடுத்துளைக்குப் பிணைச்சல் போட்டு ஒரு குட்டிக் கதவு வைத்திருந்தார்.

“என்னண்ணை இது?”

“ஓட்டையைச் சும்மா விட்டா குளவி கூடு கட்டுமடா தம்பி.”

அன்று மாலை முற்றத்தில் கதவைத் திறந்து வைத்து வாசித்தேன்; பாடவும் செய்தேன். அம்மா குசினியிலிருந்து வந்து அதைச் சாத்தினார். சத்தம் பாதியாகக் குறைந்தது.

“ஆர் ராசா இதைச் செய்தது?”

“வீரபாகண்ணை.”

“கெட்டிக்காரன்.”

மறுவாரமே வீரபாகு ‘கிற்றார் வீரபாகு’ என்று பலகை மாட்டினார். நான்கு ஓடர்கள் வந்திருந்தன. நான்கும், கிற்றார் கேட்டு மகன்மார் செய்த நச்சரிப்புத் தாங்காத தாய்மார் கொடுத்தவை. கதவுக்குப் பூட்டும் வேண்டுமாம். சாவி தங்களிடம்தான் இருக்குமாம்.