இடது பக்கத்தில் தொங்கிய முடிவு

என் மனைவி புஷ்பமலருக்கு வாய் நீளம். இதை நான் அவளுக்கு முன்னாலேயே சொல்லுவேன். "உங்கட வாய் மட்டும் என்ன, குட்டையோ?" என்று அவளும் திருப்பிக் கேட்பாள். ஜெர்மனியில் ஹம் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நாங்கள் இருவரும் வேலை. அவள் தாதி. ஆட்களைக் குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, மருந்து கொடுப்பது எல்லாம் அவள் கையில். நான் அந்தக் கட்டிடத்தின் ஹவுஸ்மைஸ்டர். பல்ப் எரியாவிட்டாலும் அலோசியஸ், கழிவறை அடைத்தாலும் அலோசியஸ். இந்தக் கோடையில் அங்கே நடந்த வெட்கக்கேட்டில் என் பங்கு என்னவென்றால், ஆணி அடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றதும்தான்.

இரண்டாம் மாடியில் சயோகோ என்று ஒரு யப்பானிய அம்மா இருக்கிறார். எண்பதை நெருங்கும் வயது. ஜெர்மன்காரர் ஒருவரைக் கல்யாணம் கட்டி இங்கே வந்தவர். அந்த மனிதரும் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகளும் இல்லை. அவரிடம் இருப்பது சாய்வான பலகை வைத்த ஒரு மேசை. கப்பலில் வந்த மேசையாம், அறையில் பாதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதைத் துடைப்பதற்குப் புஷ்பமலரைத் தவிர வேறு யாரையும் அவர் விடுவதில்லை. காலையில் தலை சீவும்போது புஷ்பமலரிடம் பழைய கதைகள் சொல்லுவார். இரவுச் சாப்பாட்டு மேசையில் அவள் அதை எனக்கு ஒப்புவிப்பாள்.

"என்னப்பா, அவ அங்க பெரிய ஆளாம். பள்ளிக்கூடம் முடிக்க முன்னமே மங்காப் படக்கதை வரையத் தொடங்கினவவாம். எல்லாம் விளையாட்டுக் கதை. நீச்சல், பட்மின்டன், ஓட்டம் எண்டு எதை எடுத்தாலும் நடுவில ஒரு பெடியனும் பெட்டையும். கிழமைக்குக் கிழமை பத்திரிகையில வந்ததாம். உதவிக்கு நிண்ட பெட்டையள் மேசைக்குக் கீழயே படுத்தெழும்புவினமாம்."

"அவ நல்லா விளையாடுவாவோ?"

"அதைத்தான் கேளுங்கோ! நீந்தவே தெரியாதாம். ஓட்டத்தில எப்பவும் கடைசியாம். நீச்சல் குளத்துக் கரையில குந்திக்கொண்டு, தண்ணிக்குள்ளால எழும்பி வாற பெட்டையளின்ர முகத்தைப் பாத்துப் பாத்து வரைஞ்சவவாம்."

லிசா எங்கள் மகள். டோட்மண்டில் படிக்கிறாள். அவளுடைய அறை முழுக்க இந்த மங்கா என்கிற யப்பான் படக்கதைதான். சயோகோவின் பெயரைச் சொன்னதும் அவளுடைய கண் விரிந்தது. "அம்மா, அவவையே நீங்கள் குளிப்பாட்டுறனீங்கள்?" என்று கேட்டாள். அன்றிலிருந்து புஷ்பமலரின் கால் தரையில் நிற்கவில்லை.

சயோகோவின் ஓவிய வாழ்க்கை ஒரு சண்டையில் முடிந்தது. அவருடைய நீச்சல்காரி கடைசிப் போட்டியில் தோற்க வேண்டும், தோற்ற பிறகும் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று அவர் நின்றார். அவள் வென்றே ஆக வேண்டும் என்று பத்திரிகை ஆசிரியர் நின்றார். இவர் விட்டுக்கொடுக்கவில்லை. கதை பாதியில் நின்றது. வரைந்த கடைசி அத்தியாயம் அச்சேறவே இல்லை. அதற்குப் பிறகு கை நடுங்கத் தொடங்கிவிட்டது. நடுங்கிய கோட்டை ஒருவருக்கும் காட்டக்கூடாது என்று பேனையைக் கீழே வைத்தவர் பிறகு எடுக்கவில்லை. அந்த அத்தியாயம் மட்டும் ஒரு தடித்த அல்பத்தில், பக்கம் பக்கமாகக் கண்ணாடித் தாளுக்குள், அவருடன் ஜெர்மனிக்கு வந்தது.

இல்லத்தின் கோடை விழாவுக்கு அதை மாட்டலாமா என்று புஷ்பமலர்தான் கேட்டாள். சயோகோ வெகு நேரம் யோசித்துவிட்டு அல்பத்தைத் தந்திருக்கிறார். எப்படி மாட்டுவது என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாராம். "நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, எல்லாம் நான் பாத்துக்கொள்ளுறன்" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு இவள் அறையை விட்டு வந்துவிட்டாள். வந்ததைப் பெருமையாக வேறு எனக்குச் சொன்னாள்.

விழா மண்டபத்து நீளச் சுவரில் நான் ஆணி அடித்தேன். அவள் அல்பத்தை, நாம் எந்தப் புத்தகத்தையும் திறக்கிற மாதிரி இடப்பக்கத்திலிருந்து திறந்து, முதலில் வந்த தாளை இடது மூலையில் மாட்டச் சொன்னாள். அடுத்தது அதற்கு வலப்பக்கத்தில். அப்படியே சுவர் முடியும் வரை. முதல் படத்தில் ஒரு பெட்டையும் பெடியனும் குளத்தங்கரையில் தண்ணீருக்குள் காலை விட்டபடி சிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைசிப் படத்தில் அவள் முதுகைக் காட்டிக்கொண்டு தனியே நின்றாள். பக்க எண்ணும் யப்பான் எழுத்தில்தான் இருந்தது.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வந்தது என்பதுதான் இப்போது என்னைத் தின்கிறது.

"புஷ்பம், லிசா உந்தப் புத்தகங்களைப் பின்னால இருந்தெல்லோ வாசிக்கிறவள்?" என்றேன்.

"அவள் எதைத்தான் நேர வாசிச்சவள்? உங்கட வேலை ஆணி அடிக்கிறது. அதைப் பாருங்கோ."

அதைப் பார்த்தேன்.

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. முதியவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து கமெராவோடு ஒருவர். புஷ்பமலர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு சுவருக்கு முன்னால் நின்று, இடமிருந்து வலமாக நடந்து நடந்து கதை சொன்னாள். யார் கேட்டது? ஒருவரும் கேட்கவில்லை. "பாருங்கள், முதலில் எவ்வளவு சந்தோஷம்! பிறகு போட்டியில் தோற்றுப் போகிறாள். அவன் ரயிலில் ஏறிப் போய்விடுகிறான். கடைசியில் பாவம், தனியே நிற்கிறாள்." இரண்டு கிழவிகள் கண்ணைத் துடைத்தார்கள். கமெராக்காரர் எழுதிக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் சயோகோவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். அவர் சுவரை ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் பார்த்தார். பிறகு புஷ்பமலரைப் பார்த்தார். கை இரண்டையும் மடியில் வைத்துத் தலையைத் தாழ்த்தி, "நன்றி. மிக அழகாக இருக்கிறது" என்றார். களைப்பாக இருக்கிறது, அறைக்குப் போக வேண்டும் என்றும் சொன்னார். போய்விட்டார். அவருக்கு மனம் நிறைந்துவிட்டது என்று புஷ்பமலர் என் காதுக்குள் சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் லிசா வந்தாள். சுவரைப் பார்த்தவள் சத்தமாக, அதுவும் ஜெர்மனில், "அம்மா, இது முழுக்கப் பின்முன்னாகத் தொங்குகிறது. யப்பான் புத்தகத்தை வலப்பக்கத்திலிருந்து திறக்க வேண்டும். இடது மூலையில் இருக்கிறதுதான் கதையின் முடிவு. அவர்கள் சேர்ந்துவிட்டார்கள்!" என்றாள். கண்ணைத் துடைத்த கிழவிகள்கூட எங்களைத்தான் பார்த்தார்கள்.

இல்லத்தின் பொறுப்பாளர் ஃபிராவ் லின்ட்னர், இப்படி வரிசைப்படுத்தியது யார் என்று கேட்டார். கோபமாகக் கூடக் கேட்கவில்லை. புஷ்பமலரின் முகம் இரத்தமாகச் சிவந்தது.

"சயோகோ அம்மாதான் இப்பிடி மாட்டச் சொன்னவ" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தினாளா? "கொஞ்ச நாளா அவவுக்கு எல்லாம் குழம்புது."

என் மடு மாதாவே! நான் பக்கத்தில் சுத்தியலோடு நின்றேன். வாய் திறக்கவில்லை.

முதியோர் இல்லத்தில் ஒரு தாதி அப்படிச் சொன்னால் அது வெறும் கதையில்லை. மேல்மாடியில் மறதிக்காரர்களுக்கு என்று ஒரு பகுதி இருக்கிறது. கதவு எப்போதும் பூட்டியிருக்கும், அறைகள் சின்னன், சொந்த மேசை கதிரை என்று தளபாடம் ஒன்றும் வைக்க ஏலாது. டொக்டர் வந்து சயோகோவைச் சோதிப்பார் என்றும், சரிவராவிட்டால் மேலே மாற்றுவது என்றும் ஃபிராவ் லின்ட்னர் முடிவெடுத்தார்.

"போய் உண்மையைச் சொல்லும்" என்றேன் வீட்டில்.

"வாய் தவறி வந்திட்டுதப்பா. டொக்டர் பாத்தா அவவுக்கு ஒண்டுமில்லை எண்டு தெரியும்தானே. பிறகேன் நான் போய் மானம் கெடுவான்?"

"அப்ப நான் சொல்லட்டோ?"

"சொல்லுங்கோ! பெண்டில் பொய்க்காரி எண்டு ஊரெல்லாம் சொல்லுங்கோ!"

நானும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் அவள் நற்கருணை எடுக்க எழும்பவில்லை. பாவத்தை மனதில் வைத்துக்கொண்டு அதை எடுக்கக்கூடாது என்று நானும் எழும்பவில்லை. முன் வாங்கில் இருந்த சனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. செபப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு இருந்தோம்.

சோதனை நாளில் ஃபிராவ் லின்ட்னர் என்னையும் கூப்பிட்டார். அந்த மேசையை வெளியே எடுப்பதென்றால் கதவுக்குள்ளால் போகுமா என்று அளக்க வேண்டுமாம். அளவுநாடாவோடு போனேன். அறைக்குள் டொக்டர், ஃபிராவ் லின்ட்னர், மூலையில் புஷ்பமலர். சயோகோ தன் மேசைக்கு முன்னால் இருந்தார். எதற்கு அளக்கிறாய் என்று அவர் என்னைக் கேட்கவில்லை. அவருக்கு விளங்கியிருந்தது. மேசை விளிம்பில் ஒரு கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

டொக்டர் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். வட்டமாக ஒரு மணிக்கூடு வரைந்து எண்களைப் போடச் சொன்னார். மறதியைப் பார்க்க இங்கே எல்லோருக்கும் கொடுக்கிற சோதனைதான். சயோகோ பேனையை எடுத்தார். பேனை தாளுக்கு மேலே நின்று நடுங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தாளுக்குப் பக்கத்தில் நேராக வைத்துவிட்டார்.

"என்னால் இதை வரைய முடியாது" என்றார்.

டொக்டர் குறித்துக்கொண்டார். ஏன் முடியாது என்று அந்த அறையில் எனக்குத் தெரியும், புஷ்பமலருக்குத் தெரியும். நான் கதவின் அகலத்தை இன்னொருதரம் அளந்தேன்.

"சொந்தப் படங்களையே மாறி மாட்டச் சொல்லியிருக்கிறார்" என்று ஃபிராவ் லின்ட்னர் டொக்டரிடம் மெதுவாகச் சொன்னார். "தாதி புஷ்பமலர்தான் எங்களுக்கு அறிவித்தார்."

சயோகோ நிமிர்ந்தார். புஷ்பமலரைப் பார்த்தார். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். மேசை போகப்போகிறது, அறை போகப்போகிறது, பூட்டின கதவுக்குப் பின்னால் போகப்போகிறார். அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. விழாவில் தாழ்த்தின மாதிரியே தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நான்தான் மாட்டினேன்!" என்று கத்திவிட்டேன். "அவவை ஒருத்தரும் கேக்கேல்ல!"

அதற்குப் பிறகுதான் புஷ்பமலர் அழுதாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அல்பத்தைத் தன் எண்ணத்துக்குத் திறந்தது, அவர் சொல்ல வந்ததைக் கேட்காமல் வந்தது, சனத்துக்கு முன்னால் மகள் பிழை பிடித்தது, வெட்கத்தில் பொய் சொன்னது. பேனையை ஏன் வைத்தார் என்பதையும் சொன்னாள். டொக்டர் எழுதினதை வெட்டினார். ஃபிராவ் லின்ட்னர் புஷ்பமலரை ஒரு பார்வை பார்த்தார். அதை நான் மறக்கப்போவதில்லை.

"அண்டைக்கே பிழை எண்டு சொல்லியிருக்கலாமே" என்று புஷ்பமலர் சயோகோவின் காலடியில் குந்திக்கொண்டு கேட்டாள். தமிழில் தொடங்கிவிட்டு, பிறகு ஜெர்மனில் கேட்டாள். "ஏன் பேசாமல் போனீர்கள்?"

"அத்தனை பேருக்கு முன்னால் நீங்கள் சந்தோஷமாகக் கதை சொல்லிக்கொண்டிருந்தீர்கள்" என்றார் சயோகோ. "பிழை என்று சொல்லியிருந்தால் உங்களுக்கு வெட்கமாக இருந்திருக்கும்."

கல்யாணம் கட்டின நாளிலிருந்து புஷ்பமலருக்கு வாயில் சொல் வராததை அன்றுதான் பார்த்தேன்.

மேசை அங்கேயே இருக்கிறது. படங்களை எல்லாம் கழற்றி, சயோகோ விரலால் காட்டக் காட்ட, இங்கே பார்க்கிற சனத்துக்கு ஏற்றமாதிரி முதல் பக்கத்தை இடது மூலையில் வைத்துத் திரும்ப மாட்டினேன். புஷ்பமலர் ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தாள். தனியே நின்றவள் இப்போது தொடக்கத்தில் நிற்கிறாள். போட்டியில் தோற்றவள் வலது மூலையில், அவனோடு, நனைந்த தலையோடு, தண்ணீருக்குள் காலை விட்டுக்கொண்டு சிரிக்கிறாள். பத்திரிகைக்காரர் மட்டும் திரும்ப வரவில்லை.

இப்போதும் தலை சீவப் போவது புஷ்பமலர்தான். வேறு ஆளை அனுப்பவா என்று ஃபிராவ் லின்ட்னர் கேட்டதற்கு, வேண்டாம் என்று சயோகோவே சொல்லிவிட்டாராம். ஆனால் எங்கள் சாப்பாட்டு மேசையில் யப்பான் கதை வந்து கனநாளாகிறது. நேற்று நானே கேட்டேன்.

"இண்டைக்கு அவ என்ன சொன்னவ?"

புஷ்பமலர் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தாள்.

"நன்றி எண்டு சொன்னவ" என்றாள். "மிக அழகாச் சீவியிருக்கிறீங்கள் எண்டு."