ஒரு பிளாக் தள்ளி

என் ஊரில் ஆளே இல்லை என்று அக்கா சொன்னபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் சொன்னது உண்மை என்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

ஊர் என்றால் மண்ணில் இருக்கும் ஊர் இல்லை. சதுரச் சதுரமான பிளாக்குகளை அடுக்கி வீடு, பாலம், கோட்டை என்று மனம் போனபடி கட்டுகிற கணினி விளையாட்டு. இணையம் வழியாக யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து ஒரு மனை பிடித்துக் கட்டலாம். அந்த ஊருக்குச் சர்வராக இருந்து இரவும் பகலும் தாங்கிக்கொண்டிருந்தது அக்கா வீட்டு மாடியறைக் கணினி. கணினி அவளுடையது, மாடியறையும் அவளுடையது, நான் மட்டும் ஒண்டிக்கொண்டிருக்கும் தம்பி. பகலில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுத்து ஃபிரேமில் பொருத்துவது என் வேலை. அக்கா கட்டட வரைபடம் வரைகிறவள். அலுவலகத்தில் முடியாததை வீட்டில் வைத்து முடிக்க அவளுக்கு அந்தக் கணினி தேவைப்பட்டது.

"ரெண்டையும் சேத்து இது தாங்காது. உன் ஊரைக் காப்பி எடுத்து எங்கயாவது வெச்சுக்கோ" என்றாள்.

"ஆள் நடமாடாத ஊரை டப்பால போட்டு வெச்சு என்னக்கா பண்றது?"

"இப்ப மட்டும் யார் நடமாடறாங்க? நீ, ரெண்டு ஆடு."

நான்கு வருடமாகக் கட்டிய ஊர் அது. என் கல்யாணப் பேச்சு முறிந்த வாரத்தில் சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்து அதற்கு ஒரு துறைமுகமே கட்டினேன். அதை அழித்தால் என்னிடம் மிஞ்சுவது லென்ஸ் தூள்தான். கெஞ்சினேன், கொஞ்சினேன், இரண்டு நாள் பாத்திரமும் கழுவினேன். கடைசியில் இறங்கி வந்தாள்.

"ஒரு மாசம் தரேன். கடைசி பத்து நாளும் சாயங்காலம் ஏழு மணிக்கு நானே உள்ள வந்து எண்ணுவேன். உன்னைச் சேக்காம பத்து பேர் இருக்கணும். ஒரு நாள் ஒருத்தர் குறைஞ்சாலும் அழிச்சிடுவேன்."

முதல் வாரம் வள்ளலாக மாறினேன். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் வைர வாள் இலவசம். வாங்கியவன் அதே வாளால் என் ஆட்டை வெட்டிவிட்டு வேறு சர்வருக்குப் போனான். அடுத்து, வந்ததும் குடியேறட்டும் என்று எட்டு மாடி வீடுகளைக் கட்டி வைத்தேன். வந்தார்கள், படி ஏறினார்கள், இறங்கினார்கள், போய்விட்டார்கள். கட்டி முடித்த வீட்டில் அவர்களுக்கு என்ன வேலை? போட்டி வைத்தேன். ஜெயித்தவன் பரிசோடு போனான், தோற்றவர்கள் கோபித்துக்கொண்டு போனார்கள்.

இரண்டே பேர் மட்டும் நாள் தவறாமல் வந்தார்கள். ஒருவர் லாரிக்காரர், கிடங்கு வாசலில் லோடு ஏறும்வரை ஃபோனில் விளையாடுகிறவர். இன்னொருவர் நர்ஸ்; வார்டு டியூட்டி முடிந்த கையோடு வந்துவிடுவார். என் ஊரின் அழகில் மயங்கித்தான் வருகிறார்கள் என்று பெருமைப்பட்டு, ஒரு நாள் ஊருக்குள் அவர்கள் பக்கத்தில் போய், மைக்கில் பேசிக்கொள்வதைக் கேட்டேன்.

"அண்ணே, மரியாதையா சொல்றேன். உங்க கோழிக்கூடு என் தோட்டத்துக்குள்ள ஒரு பிளாக் வந்திருக்கு."

"அளந்து பாரும்மா. உன் தோட்டம்தான் என் கோழிக்கூட்டுக்கு அடியில வந்திருக்கு."

"நேத்தும் இதான சொன்னீங்க?"

"நாளைக்கும் இதான் சொல்வேன்."

எனக்கு மண்டையில் பளிச்சென்று விளக்கு எரிந்தது. துறைமுகமாவது, வைர வாளாவது! இவர்களை இழுத்து வருவது ஒரே ஒரு பிளாக் தகராறு.

மறுநாள் மதியம் ஒன்றரை மணிக்குக் கடையின் பின்னறையில், கண் பரிசோதனைக்கு எழுத்துகளைக் காட்டும் கணினியைத் திறந்தேன். ஒரு கையில் சாப்பாட்டு டப்பா, மறு கையில் மவுஸ். சர்வர் சொந்தக்காரனுக்கு யார் கண்ணிலும் படாமல் நடமாடும் வசதி உண்டு. எப்போதோ எட்டிப் பார்க்கிற பேக்கரிக்காரர் ஒருவர் அரைகுறையாக ஒரு வேலி போட்டிருந்தார். அதைப் பக்கத்து மனைக்குள் ஒரே ஒரு பிளாக் தள்ளி வைத்தேன். கை கழுவிவிட்டு வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் அந்தப் பக்கத்து மனைக்காரர் பிடித்துக்கொண்டார். பேக்கரிக்காரர் சத்தியம் செய்தார். சாட்சிக்கு ஆளுக்கு இரண்டு பேரைக் கூட்டி வந்தார்கள். அந்த நான்கு பேரும், வந்ததுதான் வந்தோம் என்று, ஆளுக்கொரு மனை பிடித்தார்கள். எனக்கு மேலும் நான்கு வேலிகள் கிடைத்தன.

தினம் ஒரு வேலை. இன்று ஒரு படி, நாளை ஒரு ஜன்னல், ஒரு நாள் முழுக் கிணறு. இருபதாவது நாள் பதினாறு பேர் ஆகிவிட்டார்கள். லாரிக்காரர் தலைமையில் எல்லைக் கமிட்டி அமைத்தார்கள். அதன் கூட்டத்தில் நானும் உட்கார்ந்து, "யாருதான் இப்படிப் பண்றாங்களோ, மனசே ஆறல" என்று உச்சுக்கொட்டினேன். வெட்கமா? மருந்துக்கும் இல்லை.

அக்கா எண்ண வந்தாள். மாடியறைக் கணினியில் உட்கார்ந்து, தனக்கும் ஒரு உருவம் போட்டுக்கொண்டு உள்ளே இறங்கினாள். பெயர்ப் பட்டியலை நம்பமாட்டாளாம், ஆள் அசைவதைப் பார்க்க வேண்டுமாம்.

"நிக்கறதுக்கு ஒரு இடம் குடு. நடுரோட்ல நிக்க முடியல, எல்லாரும் இடிச்சிட்டுப் போறாங்க."

நர்ஸுக்கும் பேக்கரிக்காரருக்கும் நடுவில் ஒரு மனை கொடுத்தேன். முதல் நாள் எண்ணிவிட்டு எழுந்தாள். இரண்டாம் நாள் எண்ணிவிட்டு நான்கு சுவர் எழுப்பினாள்; வெறும் மனையைப் பார்த்தால் அவளுக்குக் கை அரிக்கும். நான்காம் நாள் ஜன்னல் வைத்தாள். அங்கேதான் எனக்கு ஆசை அதிகமானது. அக்காவையும் மாட்டிவிட்டால் ஊர் தப்பித்ததே! ஆறாம் நாள் மதியம் பேக்கரிக்காரரின் சுவரை அக்காவின் மனைக்குள் ஒரு பிளாக் தள்ளினேன்.

"டேய்! என் மேற்குச் சுவரை இடிச்சு எவன்டா உள்ள வந்தது?"

கத்தியதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பேன். அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். மனை கொடுத்த அன்றே, சுற்றியுள்ள வீடுகளோடு சேர்த்து அளவெடுத்து வரைந்து வைத்திருந்தாள். வரைபடம் இல்லாமல் ஒரு செங்கல்கூட வைக்கமாட்டாள் என்பது கூடப்பிறந்த எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்!

மூன்று நாள் வீடு வீடாகப் போய் விசாரித்தாள். எது நகர்ந்தது, கடைசியாக எப்போது சரியாக இருந்தது என்று கட்டம் போட்டு எழுதினாள். எல்லாம் மதியம் ஒன்றரையிலிருந்து இரண்டுக்குள். யார் வந்து போனாலும் கணினி குறித்து வைக்கும். யார் கண்ணிலும் படாத நான் அந்தக் குறிப்பில் மட்டும் அழகாகத் தெரிந்தேன். அந்தக் குறிப்பு இருந்த கணினியோ அவளுடையது.

கடைசி நாள், ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எல்லோரையும் ஊர் நடுவில் கூட்டினாள். பத்தொன்பது பேர். அவள் மைக்கில் தேதி வாரியாக வாசித்தாள். நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"ஏழு மணிக்கு மேல சொல்லியிருக்கலாமேக்கா" என்று முனகினேன்.

"திருட்டுத்தனத்தைச் சொல்ல நல்ல நேரம் பாப்பாங்களா? இந்தா, மிச்சத்தை நீயே சொல்லு."

மைக்கை வாங்கினேன். "நான்தான் நகத்தினேன். நீங்க யாரும் வராம போயிடுவீங்கன்னு பயமா இருந்தது. மன்னிச்சிடுங்க."

"தூ" என்றார் லாரிக்காரர். எனக்கு அது போதாது என்றே தோன்றியது.

ஒருவர் வெளியேறினார். பிறகு மூன்று பேர். பிறகு சடசடவென்று. சண்டைபோட்ட ஆளிடமே மன்னிப்பு கேட்டுவிட்டு, இருவரும் சேர்ந்து போன கொடுமையும் நடந்தது. மிச்சமிருந்தவர்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். உண்மையான அளவு அவள் தாளில்தானே இருந்தது? போனால் பக்கத்து வீட்டுக்காரர் அளவைத் தனக்குச் சாதகமாகக் காட்டிக்கொள்வார் என்று பயந்து ஒருவரும் நகரவில்லை.

"அக்கா, கோழிக்கூட்டை முதல்ல பாருங்க" என்றார் நர்ஸ்.

கோழிக்கூட்டை நான் தொட்டதே இல்லை. அதைச் சொன்னால் இனி யார் நம்புவார்கள்?

கடிகாரத்தில் ஏழு. அக்கா திரையில் விரல் வைத்து எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

"ஒன்பது."

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். முப்பத்தொரு வயசுக்காரன், விளையாட்டுக்காக அழுதேன் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நான் ஏமாற்றியும் போகாமல் நிற்கிற ஒன்பது பேரையும் சேர்த்து அழிக்கப்போகிறோமே என்றுதான் அழுதேன்.

"அழிச்சிடுக்கா. நானே அழிக்கறேன்" என்று மவுஸை நோக்கிக் கையை நீட்டினேன்.

பட்டென்று கையில் ஒரு அடி விழுந்தது.

"என் சுவரு?"

"என்ன சுவரு?"

"மேற்குச் சுவரு! ஒரு பிளாக் போயிருக்கு. அதைத் திருப்பி வெக்காம நான் இங்கேருந்து எப்படிப் போவேன்?"

"அதான் ஒன்பதுன்னு சொல்லிட்டியே."

திரையில் அவளுடைய சின்ன உருவம் அரைச்சுவர் ஓரமாக முறைத்துக்கொண்டு நின்றது. அக்கா அதன் தலையில் விரலை வைத்தாள்.

"பத்து" என்றாள், என்னைப் பார்க்காமலே. "உன்னைத்தான சேக்கக்கூடாதுன்னேன்."

ஊர் பிழைத்தது. வரைபட வேலையை அவள் இப்போது அலுவலகத்திலேயே முடித்துவிட்டு ஆறு மணிக்கெல்லாம் ஓடி வந்துவிடுகிறாள். நாற்காலி எனக்குக் கிடைப்பதில்லை. என் அதிகாரத்தையெல்லாம் பிடுங்கிவிட்டார்கள். தரையில் உட்கார்ந்து, ஃபோனில், லாரிக்காரரின் கோழிக்கூட்டைப் பிளாக் பிளாக்காகச் சுமந்துகொண்டிருக்கிறேன். மேலே நாற்காலியிலிருந்து அக்காவின் குரல் கேட்கிறது.

"டேய், இடது பக்கம் இன்னும் ஒண்ணு. ஏமாத்தாத, நான் அளந்து பாப்பேன்."