வேம்புவின் நாக்கு

எங்களைக் குறை சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. காசு கொடுத்து வாங்குகிறவர்கள் பார்த்துத்தான் வாங்குவோம். தக்காளியை அமுக்கிப் பார்ப்போம், வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்போம், மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்போம். திருவொற்றியூரில் இதையெல்லாம் பார்க்காமல் பையை நீட்டுகிறவன் ஒன்று பெரிய பணக்காரனாக இருக்க வேண்டும், இல்லை புது மாப்பிள்ளையாக இருக்க வேண்டும்.

ஆனால் இறாலில் எதைப் பார்ப்பது? எண்ணூர் ஆற்றில் ஆலை எண்ணெய் கலந்து மிதந்த அந்த மழைக்காலத்துக்குப் பிறகு எங்களுக்கு அதுதான் தலைவலி. படகுகள் கறுத்தன, கரையோரச் செடிகள் வேர்வரை கறுத்தன, கொக்குகூடக் கறுப்பாகத்தான் நின்றது. பிறகு சுத்தம் செய்துவிட்டதாகச் சொன்னார்கள். சோதித்தாகிவிட்டது, பயப்படாமல் சாப்பிடலாம் என்றும் சொன்னார்கள். சொன்னவர்கள் ஒருவரும் எங்கள் கண்ணெதிரே சாப்பிடவில்லை. இறாலோ முன்பு போலவே பளபளவென்று இருந்தது. மோந்து பார்த்தாலும் ஒரு வித்தியாசமும் இல்லை. அதுதான் எங்களுக்குப் பயம். வீட்டில் இறால் தொக்கு இல்லாமல் சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்களுக்கு எதை நம்பிப் போடுவது?

வேம்பு எண்ணூர்ப் பக்கம் காத்திவாக்கத்துக்காரி. அவள் புருஷன் துரை மார்பளவு தண்ணீரில் முட்டி போட்டு, ஓலையில் பின்னிய பறிக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றுக்குள் கையை விட்டு இறால் பிடிப்பவன். சாயங்காலம் அதைக் கொண்டுவந்து எங்கள் தெருமுனையில் விற்பாள் வேம்பு. எண்ணெய்க்குப் பிறகு அவள் கூடை முன்னால் ஈயைத் தவிர யாரும் வரவில்லை. ஒருநாள் ஆவுடையம்மாள் போய் நின்றாள். மளிகைக்கடை அண்ணாச்சியின் மனைவி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. அவள் கடைசி மகன்தான் இறாலுக்காக அழுது தெருவையே கூட்டுகிறவன்.

"நல்ல எறாக்கா. எண்ணெ கிண்ணெ ஒண்ணும் கெடையாது. துரை சுத்தமான தண்ணியா பாத்துப் புட்சினு வந்தது" என்றாள் வேம்பு.

"விக்கிறவ வேற என்ன சொல்லுவா? ஒண்ண அவிச்சு நீ தின்னு. நான் பாத்துட்டு வாங்குதேன்."

நழுவுவதற்காகத்தான் ஆவுடையம்மாள் அப்படிச் சொன்னாள். வேம்பு விடவில்லை. பக்கத்து டீக்கடையில் அடுப்பைக் கேட்டு வாங்கி, உப்பும் மஞ்சளும் போட்டு ஒரு பிடி இறாலை அவித்து, ஓட்டை உரித்து எங்கள் முன்னால் தின்றாள். தின்று முடித்து வாயைத் திறந்து நாக்கை நீட்டிக் காட்டினாள். நாங்கள் பஸ்ஸுக்கு நிற்பதுபோலக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தோம். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாங்கிக்கொண்டு போனோம்.

அடுத்த நாளும் தின்னச் சொன்னோம். அதற்கு முன்னால், "நேத்து தின்னது வயித்துக்கு ஒண்ணும் பண்ணலியா?" என்று கேட்டோம். கேட்டது நியாயம்தானே. "குண்டுக்கல்லாட்டம் கீறேன்" என்று சிரித்தாள். நாங்கள் சொல்வதற்கு முன்பே நாக்கை நீட்டினாள்.

மற்ற வியாபாரிகளும் அவித்துத் தின்று பார்த்தார்கள். அவர்களை நாங்கள் சட்டை செய்யவில்லை. நேற்றுத் தின்றவனை வைத்து என்னத்தை முடிவு செய்வது? வேம்பு மாதக்கணக்கில் தின்கிறாள். எதுவானாலும் முதலில் அவளுக்குத்தான் தெரியும்.

அடுக்குமாடி வால்டர் சார் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் தினமும் வேம்புவின் நாக்கைப் போட்டோ எடுத்து வாட்ஸப் குழுவில் போட ஆரம்பித்தார். பதிலுக்குக் கட்டைவிரல் படங்கள் வரிசையாக வந்து விழும், அதன் பிறகே வீட்டில் அடுப்பைப் பற்றவைப்பார்கள். ஒருநாள் யாரோ, ஓரமெல்லாம் ஏன் சிவப்பாக இருக்கிறது என்று கேட்டார்கள். வெற்றிலைச் சிவப்பு. இனிமேல் வெற்றிலை போடாதே என்று சொன்னோம், விட்டுவிட்டாள். வெளியில் பஜ்ஜி, பானிபூரி எதுவும் தின்னாதே, அப்புறம் வயிற்றுவலி வந்தால் எதனால் வந்தது என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்றோம். அதற்கும் தலையாட்டினாள். வியாபாரம் அப்படி ஓடியது.

பேரம் பேசுவது எப்போது நின்றதென்று ஞாபகமில்லை. பேச்சே நின்றுவிட்டது. அவள் கூடையைத் திறப்பதற்கு முன்பே போய் அவளைச் சுற்றி நின்றுகொள்வோம். ஒருத்தி அவள் முழங்கையை விரலால் அழுத்துவாள். குழி விழுகிறதா, உடனே எழும்புகிறதா என்று பார்ப்பாள். ஒருத்தி இமையைக் கீழே இழுத்துப் பார்ப்பாள். ஒருத்தி குனிந்து அவள் மூச்சை மோந்துவிட்டு எங்களைப் பார்த்துத் தலையசைப்பாள். முதலில் வேம்பு, "இன்னாக்கா, நா இன்னா மீனா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டாள். நாங்கள் வருவது தெரிந்தால் தானாகவே கையை நீட்டிவிட்டு, எங்கேயோ பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

ஒரு சாயங்காலம் அவள் வரவில்லை. அவள் தின்றதைத்தானே நாங்களும் தின்றிருந்தோம். ஷேர் ஆட்டோ பிடித்துக் காத்திவாக்கம் போனோம். வீடு பூட்டியிருந்தது. சந்தில் வரிசையாக நின்றோம். அந்தத் தெருக்காரர்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மீஞ்சூரில் ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டுப் பட்டுப்புடவையில் துரையோடு வந்தாள் வேம்பு. எங்களைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போனது. துரைதான் கத்தினான். "இன்னா ஜனம்யா நீங்க? பொணம் பாக்க வந்த மாரி நிக்கிறீங்க! பொம்பளய வுடுங்கய்யா!"

வேம்பு அவனைத் தள்ளிவிட்டு நாக்கை நீட்டினாள். பார்த்துவிட்டு வந்துவிட்டோம். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினோம், அதை மறைப்பானேன்.

பரீட்சை லீவில் ஒரு நாள் வேம்பு தன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். செங்கொடி என்று பெயர், இரண்டாவது படிக்கிறாள். வேம்புவால் கூடையைத் தூக்க முடியவில்லை, ஒரு பக்கம் பிள்ளை பிடித்துக்கொண்டு வந்தது. உட்கார்ந்து நாக்கை நீட்டினாள். நாக்கு முழுக்க வெள்ளையாக மாவு பூசினாற்போல இருந்தது.

வால்டர் சார் போனை இறக்கினார்.

"ஜொரம்க்கா. சாதா ஜொரம்தான். நேத்து மழைல நெனஞ்சிட்டேன். டாக்டராண்ட போய் மாத்திரகூட வாங்கியாந்தேன்."

ஆவுடையம்மாள் அவள் கையை அழுத்தினாள். குழி மெதுவாகத்தான் எழும்பியது. மெதுவாகத்தான் என்று எங்களுக்குத் தோன்றியது.

"சத்தியமா ஜொரம்தான்க்கா! இன்னிக்கி எறா எல்லாம் சூப்பராக் கீது. வோணும்னா துன்னு காட்டறேன்." உரித்த இறாலை வாயருகே கொண்டுபோனாள்.

"நீ தின்னு என்ன செய்ய?" என்றாள் ஆவுடையம்மாள். அவள் மகன் அன்று மத்தியானமும் இறால் தொக்கில் பிசைந்துதான் தின்றிருந்தான். "உன்னைய வச்சு இனிமே சொல்ல முடியாது. அந்தப் பிள்ளைக்கு ஒண்ணு குடு. பெத்த பிள்ளைக்கு எவளும் விஷத்த ஊட்ட மாட்டா. அத நம்புதோம்."

நாங்கள் எல்லோரும் ஆமாம் என்றோம். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரே நேரத்தில் சொன்னோம், அது எங்களுக்கே கேட்டது. அப்படியே ஓரடி நெருங்கி நின்றோம். எங்களுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு இறால் அந்த வாய்க்குள் போவதுதான். போய்விட்டால் எங்கள் பிள்ளைகளும் பிழைத்தார்கள் என்று அர்த்தம்.

செங்கொடிக்கு ஒரே சந்தோஷம். கூடைப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அம்மா செய்வதைப் பார்த்த பழக்கத்தில் முதலில் நாக்கை நீட்டி எங்களுக்கெல்லாம் காட்டினாள். அப்புறம் ஆவென்று வாயைத் திறந்தாள்.

வேம்பு இறாலோடு கையை நீட்டினாள். பாதியில் கை நின்றது. அவள் முகத்தைப் பார்த்தால், கை நின்றது அவளுக்கே ஆச்சரியம் என்று தெரிந்தது. இன்னொரு கையால் அந்தக் கையைப் பிடித்து முன்னால் தள்ளினாள். அது போகவில்லை.

"போடு வேம்பு" என்றார் வால்டர் சார், கெஞ்சுகிற மாதிரி.

பிள்ளை தானே எம்பி இறாலைக் கவ்வப் போனது. வேம்பு பளாரென்று கன்னத்தில் அறைந்தாள். இறால் ரோட்டில் விழுந்தது.

செங்கொடி அழுதாள். அழுகையினூடே எங்களிடம்தான் நியாயம் கேட்டாள். "எப்பவுமே இப்படித்தான் ஆன்ட்டி! எண்ணெ வந்ததுல இருந்து எனக்கு எறாவே தர்றதில்ல. கேட்டா முட்ட பொரிச்சுத் தருது. அப்பாவுக்கும் முட்டதான்."

"ஜொரத்துல அடிச்சிட்டேன்க்கா" என்று ஆரம்பித்தாள் வேம்பு. தலையைக் குனிந்துகொண்டாள். "நா துன்னேன்ல. நா துன்னேன்லக்கா தெனமும்."

அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. யாரும் கை வைக்கவில்லை. ஆவுடையம்மாள் மட்டும் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எம்பிள்ளைக்கு நாந்தானட்டி ஊட்டுனேன்" என்றாள். "இந்தக் கையாலதானட்டி."

தெருவிளக்குகள் எரிந்தன. நாங்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வீட்டில் பிள்ளைகள் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.