டீச்சரின் இடது கை

இரண்டாவது தடவையும் ஊசி தவறியது. பயிற்சி நர்ஸ் அதை வெளியே இழுத்துப் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே, கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெரியவரைப் பார்த்தாள். திட்டு வாங்கத் தயாராகிவிட்ட முகம்.

"என்னை ஏம்மா பாக்கறே? அவங்களப் பாரு" என்றார் அவர்.

கட்டிலில் கிடந்தவள் அவருடைய மனைவி. இதே ஆஸ்பத்திரியின் நர்சிங் பள்ளியில் வாழ்நாளெல்லாம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். ஊசி டீச்சர் என்றால்தான் இங்கே எல்லோருக்கும் தெரியும். இதயம் களைத்து, கால்கள் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டும் என்று முதுகுக்குத் தலையணைகளை அடுக்கிச் சாய்த்து வைத்திருந்தார்கள். காலையிலிருந்து வலது கையில் மருந்து ஏறவில்லை. ஊசி செருகிய இடம் புடைத்துக் கிடந்தது. டியூட்டி டாக்டருக்கு ஆள் அனுப்பியாயிற்று. வருகிறார், வருகிறார் என்று பதில்தான் வந்துகொண்டிருந்தது. ஜுரம் பார்க்க வந்த இந்தப் பெண்ணைத்தான் டீச்சர் பிடித்துக்கொண்டாள். "மாத்திப் போடு" என்று இடது கையை நீட்டினாள்.

"மேடம், நான் பொம்மைக் கையிலதான் போட்டிருக்கேன். எங்களுக்கு இன்னும் பேஷண்ட் குடுக்கல."

"எப்பக் குடுப்பாங்களாம்?"

"கடைசி வருஷம்னு சொல்றாங்க."

"நீ எந்த வருஷம்?"

"கடைசி வருஷம்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் மூச்சு இல்லை. அவர் எழுந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"பொம்மைக்கு நரம்பு எங்க வெச்சாங்களோ அங்கயே இருக்கும். மனுஷனுக்கு வழுக்கும்" என்றாள், சொல்லுக்குச் சொல் நின்று நின்று. "தோலைக் கீழ்ப்பக்கமா இழுத்துப் பிடி. இப்ப கண்ண மூடு."

"கண்ணையா மேடம்?"

"மூடுடி. விரலால தேடு. பச்சையாத் தெரியறத நம்பாதே. அழுத்தினா துள்ளுது பாரு, அதை நம்பு."

அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு தேடினாள். உதடுகள் எதையோ முணுமுணுத்தன. பிறகு அவள் முகம் மாறியது. கண்ணைத் திறந்து, நடுங்காமல் குத்தினாள். ஊசியின் பின்பக்கம் ரத்தம் எட்டிப் பார்த்தது.

"வந்துடுச்சு மேடம்!"

"கத்தாதே. பேஷண்ட் பயந்துடுவாங்க."

மருந்து சொட்டத் தொடங்கியது. அதற்குள் முதல் இரண்டு குத்தும் கன்றி நீலம் பாரிக்க ஆரம்பித்திருந்தன. அவருக்கு அந்த நீலம் பழகியதுதான். அந்தக் காலத்தில் டீச்சர் முதலில் ஆரஞ்சுப் பழத்தில் குத்தச் சொல்வாள். அடுத்து ஒருத்தி கையில் இன்னொருத்தி. அதிலும் பயப்படுகிறவளுக்குத் தன் கையையே நீட்டிவிடுவாள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது முழங்கை மடிப்பெல்லாம் நீலமும் மஞ்சளுமாக இருக்கும். எதிர்வீட்டு அம்மாள் ஒருநாள் அவரை வாசலில் நிறுத்தி, "பஸ் ஓட்டற கோபத்தையெல்லாம் வீட்டுல காட்டாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதைக் கேட்டு டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். போய் விளக்கம் சொல்லவும் மறுத்துவிட்டாள். "இருக்கட்டும். உங்களுக்கும் ஊருக்குள்ள ஒரு பேர் வேணாமா?"

மதியம் அவர் துணியை நனைத்து அவள் உதட்டைத் துடைத்துவிட்டபோது, "அந்தப் பொண்ணுக்கு நல்ல கை" என்றாள். அதன் பிறகு அவள் பேசவில்லை. மூச்சு ஏறி ஏறி இறங்கியது, ஒரு தடவை இறங்கியது ஏறவில்லை. அவர் துணியைப் பிழிந்து கட்டில் கம்பியில் விரித்துப் போட்டுவிட்டுத்தான் வெளியே போய்க் கூப்பிட்டார். டாக்டர் வந்தார். வந்து, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

மகன் வெளியூரிலிருந்து காரில் வந்து சேர்ந்தபோது போர்வை முகத்தை மூடியிருந்தது. விலக்கிப் பார்த்தான். பிறகு கையை எடுத்துப் பார்த்தான்.

"இது என்னப்பா? யாரு இப்படிக் குத்திக் கிழிச்சது?"

"கிழிக்கலடா. டாக்டர் வரவேயில்ல, அந்தப் பொண்ணு ஊசி மாத்திச்சு. அம்மாதான் போடச் சொன்னா."

"எந்தப் பொண்ணு? நர்ஸா?"

"படிக்கற பொண்ணு."

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. நேராக நிர்வாக அதிகாரியின் அறைக்குப் போனான். அவரும் பின்னால் போனார்.

அதிகாரி நாற்காலியைக் காட்டினார். மேட்ரன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். அவள் டீச்சரிடம் படித்தவள். படிக்கிற நாளில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போயிருக்கிறாள்.

"டாக்டரை எத்தனை தடவை கூப்பிட்டீங்க?" என்று மகன் கேட்டான்.

"அதைப் பாக்கறோம் சார். ஆனா முக்கியமா, அனுமதியில்லாம ஒரு மாணவி பேஷண்ட் மேல கை வெச்சிருக்கா. அது பெரிய தப்பு. தெரிஞ்ச உடனே நடவடிக்கை எடுத்துட்டோம்" என்றார் அதிகாரி. டாக்டர் என்ற சொல் மேஜைக்குக் கீழே எங்கோ விழுந்துவிட்டது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

"அவ மேல தப்பு இல்லீங்க" என்றார் பெரியவர். "என் சம்சாரம்தான் கூப்பிட்டு, சொல்லிக் குடுத்து, போட வெச்சா. நான் பக்கத்துலதான் இருந்தேன். மருந்து நல்லாத்தான் ஏறிச்சு."

"அப்பா, அம்மாவுக்கு அப்ப சுயநினைவே சரியா இருந்திருக்காது."

"என்னைவிட நல்லா இருந்துச்சு."

"விடுங்கப்பா." மகன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "வாழ்க்கை பூரா ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் கைய நீட்டியாச்சு. எனக்குப் பரீட்சைன்னா ஒரு நாள் பக்கத்துல உக்காந்திருப்பாங்களா? ராத்திரி வந்து, கை வலிக்குதுடான்னு படுத்துடுவாங்க. சாகற அன்னிக்குமா?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. பெரியவர் மேட்ரன் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. நீ எந்தக் கையில கத்துக்கிட்டே?"

மேட்ரன் தரையைப் பார்த்தாள். "அந்தக் காலம் வேறங்க ஐயா."

"கை அதே கைதாம்மா."

அதிகாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஐயா அதிர்ச்சியில் இருக்கிறார், வெளியே காற்றாட உட்காரட்டும் என்றார். மேட்ரனே அவர் தோளைத் தொட்டுக் கூட்டிக்கொண்டுபோய் விட்டாள். அவள் விரல்கள் இலேசாக, எங்கே அழுத்த வேண்டும் என்று தெரிந்த விரல்களாக இருந்தன.

வராந்தா பெஞ்சில் அந்தப் பெண் பையோடு உட்கார்ந்திருந்தாள். சட்டையில் பெயர்ப்பட்டை குத்தியிருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள்தான் இருந்தன. அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"போகச் சொல்லிட்டாங்களா?"

தலையை ஆட்டினாள். "அப்பாவுக்குப் போன் போட்டிருக்கேன். வந்துட்டிருக்கார்." பிறகு, "ஐயா, நான் குத்தினதுனாலயா?"

"இல்லம்மா. அவளுக்கு இதயம் நின்னுபோச்சு. அதுக்கும் நீ குத்தினதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அப்ப ஏன் ஐயா?"

முப்பது வருஷமாக பஸ் ஓட்டியவர். நடுவழியில் வண்டி நின்றுவிட்டால் ஏன் என்று ஐம்பது பேர் கேட்பார்கள், ஏதாவது சொல்லிச் சமாளிப்பார். இவளிடம் அது செல்லாது.

"உனக்கு நல்ல கைன்னு சொன்னா" என்றார். "அதான் அவ கடைசியாப் பேசினது."

அவள் தன் கையைப் பார்த்தாள். பிறகு அதை மடியில் கவிழ்த்து, மேலே இன்னொரு கையை வைத்து மூடிக்கொண்டாள். அவருக்கு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

வெயில் தாழ்ந்தபோது உடலை எடுத்துப்போக வண்டி வந்தது. டீச்சருக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று மேட்ரன் நர்சிங் மாணவிகளை வார்டுக்குள் வரிசையாக நிறுத்தியிருந்தாள். எல்லோரும் இஸ்திரி போட்ட சீருடையில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். பேஷண்ட்டுகளை மாணவிகள் யாரும் தொடக்கூடாது என்று மதியமே வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொல்லியாகிவிட்டது. அதிகாரி வாசலில் நின்றார்.

கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்ற வார்டு ஊழியர் ஒருவர்தான் இருந்தார். அவர் தலைமாட்டில் நின்றுகொண்டு வரிசையைப் பார்த்து, "ரெண்டு பேரு ஒரு கை குடுங்கம்மா" என்றார். மாணவிகள் மேட்ரனைப் பார்த்தார்கள். மேட்ரன் அதிகாரியைப் பார்த்தாள். அதிகாரி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகன் இடுப்புப் பக்கம் வந்து நின்றான். எங்கே பிடிப்பது என்று தெரியாமல் போர்வையின் ஓரத்தைப் பிடித்தான். பெரியவர் கால்மாட்டுக்குப் போனார். வீங்கிய பாதங்கள் கனத்தன. ஒன்று, இரண்டு என்று ஊழியர் எண்ணியதும் தூக்கினார்கள். உடம்பு நடுவில் தொய்ந்து, ஒரு பக்கமாகச் சரிந்தது. வரிசையில் முதலாவதாக நின்றவளின் கைகள் பின்னாலிருந்து பிரிந்து முன்னால் வந்தன.

"நேரா நில்லுங்க" என்றாள் மேட்ரன், மெல்லிய குரலில்.