தானாக ஓடும் மோட்டார்

சங்கையா எங்கள் கடைக்கு வந்து கேட்டது ஒரே ஒரு விஷயம்தான். கரண்டு போய்த் திரும்பி வந்தால் மோட்டார் தானாக ஓடக்கூடாது. அதைக் கேட்கத் திருச்சுழிப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

"கம்ப்ரசர் பெல்ட்டு கழண்டுருச்சுன்னு மாட்டிக்கிட்டு இருக்கேன் தம்பி. படக்குனு கரண்டு வந்து ஓட ஆரம்பிச்சிருச்சு. சட்டக் கையோட போச்சு. இல்லாட்டி என் கையே போயிருக்கும்."

போர் போட்ட ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும் கம்ப்ரசர் மோட்டாரைச் செல்போனிலிருந்தே ஓட்டுவதற்கு ஒரு பெட்டி இருக்கிறது. அதை அருப்புக்கோட்டையில் நாங்கள் செய்து விற்கிறோம். கடை ஜெயபாண்டி அண்ணாச்சியுடையது, பெட்டிக்குள் இருக்கும் சாஃப்ட்வேர் என்னுடையது. கரண்டு வந்ததும் தானாக ஓடும்படி அதை எழுதியவன் நான்தான்.

"எல்லாருக்குமே நிறுத்திருவோம் அண்ணாச்சி. கரண்டு வந்தா அவுகளே போன் போட்டு ஓட்டிக்கிடட்டும்" என்றேன்.

"நல்லா நிறுத்துன போ. மும்முனைக் கரண்டு வாரதே கொஞ்ச நேரம். காட்டுல மொளகா வாடுனா பெட்டி வாங்குன நானூறு பேரும் என்னத்தான் புடிச்சு வைவாக. ஒரு செட்டிங் வச்சு விடு. வேணாங்கிறவுக ஆஃப் பண்ணிக்கிடட்டும்."

எதிர்த்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை. அதைவிடக் கேவலம், செட்டிங்கை வைத்து முடித்ததும் எனக்குப் பெருமையாக வேறு இருந்தது. இவருக்கும் நல்லது, அவருக்கும் நல்லது என்று ஒரு நினைப்பு. சங்கையாவின் போனை வாங்கி நானே ஆஃப் செய்து கொடுத்தேன்.

"இனிமே தானா ஓடாதுண்ணே. நீங்க போன் போட்டாத்தான் ஓடும்."

மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அவருடையது பங்குப் போர். அவருக்கு மூன்று நாள் முறை, தம்பி முத்துராஜுக்கு மூன்று நாள் முறை. பெட்டி ஒரு நம்பருக்குத்தான் கட்டுப்படும். அதனால் முறை மாறும்போதெல்லாம் அவரவர் நம்பரைப் பதிந்துகொள்வார்கள். புது நம்பர் பதிந்தால் செட்டிங் எல்லாம் பழையபடி தானாக ஓடும் நிலைக்கே போய்விடும். அப்படி எழுதியவனும் நான்தான். வெளியூர்க்காரன் எவனாவது முறை என்றால் என்னவென்று தெரியாமல் எழுதியிருந்தால் மன்னிக்கலாம். எங்கள் வீட்டுப் போரும் பங்குப் போர்தான். முறைத் தண்ணீரில் விளைந்ததைத் தின்று வளர்ந்த கழுதை நான். எனக்கு அது உறைக்கவில்லை.

அடுத்த வாரம், முத்துராஜ் முறை முடிந்து சங்கையா முறை வந்த அன்று காலையில், பெல்ட் மறுபடியும் கழன்றது. கரண்டு இல்லை. முதல் தடவை பயந்ததிலிருந்து என்னிடம் வந்த நாள்வரை, கரண்டு வந்தாலும் மோட்டாருக்குப் போகாதபடி பீஸ்கட்டையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டுதான் பெல்ட்டைத் தொட்டாராம். அன்று பிடுங்கவில்லை. தானாக ஓடாது என்று நான் சொல்லியிருந்தேனே.

மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனபோது வலது கை முழங்கையோடு நின்றிருந்தது. அவர் மனைவி பிச்சையம்மாள் என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவர் போனை என் கையில் கொடுத்தார். எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

"இனி நாந்தான் பெல்ட்டு மாட்டணும். அந்த செட்டிங்க ஆஃப் பண்ணிக் குடுங்க தம்பி."

"அது வேண்டியதில்லக்கா. நேத்தே எல்லாப் பெட்டிக்கும் மாத்தி அனுப்பிட்டேன். இனி யார் மோட்டாரும் தானா ஓடாது. முறை மாறுனாலும் ஓடாது."

சங்கையா கண்ணைத் திறந்தார்.

"ஒங்க அண்ணாச்சி ஒத்துக்கிட்டாகளா?"

"அவுககிட்டக் கேக்கலண்ணே."

"மாத்த எத்தன நாளாச்சு?"

பொய் சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை.

"பத்து நிமிசம்ணே."

அவர் திட்டவில்லை. "பத்து நிமிசமாம்" என்று மனைவியிடம் மட்டும் சொன்னார். பிச்சையம்மாள் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

"நீங்க கெளம்புங்க தம்பி" என்றார்.